இலச்சினையைப் பாமரரும் படிக்கட்டும்: தமிழக ஆயர் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவில் பேரன்புக்குரிய மேதகு பேராயர்களே, ஆயர்களே,

பங்குகளுக்கும் மறைமாவட்ட அலுவலகங்களுக்கும் அழைப்பிதழ், சுற்றுமடல், திருமுழுக்குச் சான்றிதழ் முதலியவற்றை வடிவமைத்து அச்சிட்டுத் தரும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்குமுன் ஓர் ஆயர் திருநிலைப்பாட்டு விழாவின் அழைப்பிதழை மெய்ப்புப் பார்த்தபோது, ஆயருக்கென வரையப்படும் அடையாளச் சின்னமாகிய இலச்சினையின் பச்சைத் தொப்பியிலிருந்து இருபுறமும் இறங்கும் குஞ்சங்களை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசை வரிசையாக இறங்கிப் பக்கத்துக்குப் பத்து வந்தன. பத்து என்பது பேராயருக்கு உரியது. ஆயருக்கு மூன்று வரிசையில் ஆறுதான். யாரோ ஒரு பேராயரின் இலச்சினைக் கோப்பை எடுத்து, நடுவிலிருந்த கேடயத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். சுட்டிக்காட்டினேன். "இதையெல்லாம் யார் எண்ணப் போகிறார்கள்?" என்று பதில் வந்தது, அழைப்பிதழும் அப்படியே அச்சேறியது. அந்தக் கேள்வி இன்றுவரை என்னை உறுத்துகிறது. எண்ணிப் பார்க்க மக்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கவே இல்லையே!

இலச்சினை என்பது போர்க்களத்தில் பிறந்த வழக்கம். கவசத்துக்குள் முகம் மறைந்த வீரனைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணக் கேடயத்தில் சின்னம் தீட்டினார்கள். திருச்சபை அந்தக் கேடயத்தை எடுத்துக்கொண்டபோது, வீரனின் தலைக்கவசம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தொப்பியை வைத்தது. அகன்ற விளிம்பும், தாடைக்குக் கீழே முடிந்துகொள்ளக் கயிறும் உடைய, வெயிலிலும் மழையிலும் வழிநடப்பவரின் தொப்பி அது. நான்காம் இன்னசென்ட் திருத்தந்தை 1245-இல் கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பி வழங்கினார். ஆயர்களின் இலச்சினையில் அது பச்சை நிறம் பெறுகிறது. நம் பாட்டனார் காலத்தில் 'மேற்றிராணியார்' என்று அழைக்கப்பட்டவரை இன்று நாம் 'ஆயர்' என்கிறோம். முல்லை நிலத்தில் மந்தையோடு நடந்தவர்களின் பெயர் அது. அந்தப் பெயருக்கு இந்தத் தொப்பி எவ்வளவு பொருத்தம் என்பதைத் தங்களில் ஒருவராவது மறையுரையில் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேடயத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்பது பவனிச் சிலுவை. ஆயருக்கு ஒரு குறுக்குக் கட்டை, பேராயருக்கு இரண்டு. ஆனால் நம் அழைப்பிதழ்கள் பலவற்றில் ஆயர் வழிபாட்டில் அணியும் உயர்ந்த தலையணியாகிய தலைச்சீராவும், கையில் ஏந்தும் செங்கோலும்கூடக் கேடயத்தையொட்டி வரையப்பட்டிருக்கின்றன. இலச்சினையில் இவ்விரண்டையும் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று வத்திக்கான் செயலகம் 1969 மார்ச் 31-ஆம் நாளிட்ட அறிவுறுத்தலிலேயே சொல்லிவிட்டது. ஆயர்களின் இலச்சினை எளிமையாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்பதும் அதே அறிவுறுத்தலின் சொல்தான்.

எளிமை என்றால் என்ன என்பதற்கு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் கேடயத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நீலப் பரப்பில் நடுவிலிருந்து சற்றே விலகி நிற்கும் ஒரு பொற்சிலுவை, அதன் கையின் கீழே 'எம்' என்ற ஒற்றை எழுத்து, அவ்வளவுதான். சிலுவையருகே நின்ற மரியாவை அங்கே காணக் குழந்தைக்கும் விளக்கவுரை தேவையில்லை. திருத்தந்தை பிரான்சிசின் கேடயம் முதலில் வெளியானபோது, புனித யோசேப்பைக் குறிக்கும் நார்தம் என்னும் நறுமணச் செடியின் மலரைப் பலர் திராட்சைக் குலை என்றே நினைத்தார்கள். அன்னை மரியாவைக் குறிக்கும் ஐந்துமுனை விண்மீனும் சில நாட்களில் எட்டுமுனையாகத் திருத்தி வெளியிடப்பட்டது. உரோமையிலேயே திருத்திக்கொள்ளத் தயங்கவில்லை என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

நம்மிடமோ ஒரே கேடயத்துக்குள் பேராலயக் கோபுரம், தென்னை, படகு, திறந்த விவிலியம், புறா, கதிரவன், மாவட்ட வரைபடம் அனைத்தும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் உண்மையான பற்று இருக்கிறது என்பதை அறிவேன். எதையும் விட மனம் வராத அன்புதான் அது. ஆனால் அந்தப் படம் வழவழப்பான அழைப்பிதழில் மட்டும் வாழ்வதில்லை. திருமண ஓலையின் அடியில் குத்தப்படும் ரப்பர் முத்திரையாகவும் ஆகிறது. அப்படியொரு முத்திரையைச் செய்து கொடுத்தவன் நான். கோபுரமும் தென்னையும் சேர்ந்து ஒரே மைத்திட்டாகிப்போக, அதற்குக் கீழே பட்டையில் இருந்த விருதுவாக்கில், அதாவது ஆயர் தமக்கெனத் தேர்ந்துகொண்ட வாக்கில், இரண்டு எழுத்துகளே தேறின. பொன், வெள்ளி நிறங்களின்மேல் மற்ற வண்ணமும், வண்ணத்தின்மேல் பொன் அல்லது வெள்ளியும் வர வேண்டும் என்ற பழைய விதி அழகுக்காக மட்டும் எழுந்ததல்ல. தொலைவிலிருந்தும் மங்கலிலும் சின்னம் தெரிய வேண்டும் என்பதற்காக எழுந்தது.

விருதுவாக்கைப் பற்றியும் ஒரு விண்ணப்பம். இலத்தீன் இருக்கட்டும், அதன் ஒலிக்கு ஒரு மாண்பு உண்டு. திருத்தந்தை பதினான்காம் லியோ, பெரு நாட்டின் சிக்லாயோ ஆயராக இருந்தபோது கொண்டிருந்த புனித அகுஸ்தினாரின் வாக்கையே இன்றும் வைத்திருக்கிறார்: அந்த ஒருவரில் (கிறிஸ்துவில்) நாம் ஒன்று. ஆனால் நம் மக்கள் தங்கள் ஆயர் தேர்ந்துகொண்ட இறைவாக்கைத் தமிழிலும் அந்தப் பட்டையிலேயே படிக்கும்படி செய்யுங்கள். நாளிதழ் விளம்பரத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் நிலை அவர்களுக்கு வேண்டாம்.

புதிய ஆயர் ஒருவரின் இலச்சினைக்கு ஒப்புதல் தருமுன், அதை இரண்டு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, ஆலயத்தில் கடைசி வரிசையில் அமரும் ஒரு மூதாட்டியின் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டுப் பார்க்குமாறு தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் ஆசீரை வேண்டும்,
அச்சகப் பணியாளன் ஒருவன்