ஒட்டகச்சிவிங்கி போதும், தேயிலையும் வரட்டும்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழ்களின் 'உங்களுக்குத் தெரியுமா?' பகுதிகளில் ஒட்டகச்சிவிங்கியின் நாக்கும் ஈபிள் கோபுரத்தின் உயரமும் திரும்பத் திரும்ப வருகின்றன. சரி, வரட்டும். ஆனால் இலங்கை மலையகப் பிள்ளைகள் தினமும் பார்க்கிற தேயிலையைப் பற்றி ஒரு வரி வந்ததாக நினைவில்லை.

இடுப்பளவு நிற்கும் அந்தச் செடி உண்மையில் ஒரு மரம். கவ்வாத்து வெட்டாமல், கொழுந்து எடுக்காமல் விட்டால் 30 அடிக்கு மேலும் வளரும். பெட்டிக்கடை பிளேன்டீயும் கொழும்பில் விலைகூடிய கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான். கசக்கிய கொழுந்தைக் காற்றுப்பட விட்டால் செம்பு நிறமாகி, சூட்டில் உலர்த்தியபின் கறுப்புத் தேயிலை. முதலிலேயே சூடுகாட்டி அந்த மாற்றத்தை நிறுத்தினால் கிரீன் டீ. நறுக்கிய வாழைக்காய் கறுக்கிற அதே சங்கதிதான்.

அப்புறம், இந்த மலைகளில் முதலில் இருந்தது கோப்பி. ஸ்கொட்லாந்துக்காரத் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர், கண்டிப் பக்கம் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் கண்டது. கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. நம் முன்னோரில் முதலில் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்கள் கோப்பிக்காக வந்தவர்கள், தேயிலைக்காக அல்ல. இதைச் சொன்னால் பெரியவர்களே "அப்படியா?" என்கிறார்கள்.

தெமோதரையில் ரயில், தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போவதையும் ஒரு வாரம் போடுங்கள். படத்தோடு போட்டால் இன்னும் நல்லது.

ஒரு வாசகர்,
பண்டாரவளை