17சி நகலை விடாதே

ஏற்காடு

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் கடிதம் வந்தது. மிளகு பறிப்பு முடிந்துவிட்டது, காப்பி இந்த முறை சுமார்தான். இனி நீ கேட்ட விஷயம்: ஓட்டு இயந்திரத்தில் ப்ளூடூத் மோசடி நடக்குமா, நம் ஆட்கள் பூத்தில் எதைக் கவனிக்கவேண்டும் என்பது.

ப்ளூடூத் வைத்து ஓட்டை மாற்றுகிறார்கள் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? 2010ல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன் என்ற ஆய்வாளர்களின் குழு ஒரு பழைய ஓட்டு இயந்திரத்தைத் திறந்து, முடிவு காட்டும் பலகையைக் கழற்றிவிட்டு, ப்ளூடூத் வைத்த போலிப் பலகையைப் பொருத்திக் காட்டியது. அதாவது இயந்திரம் முதலில் கைக்கு வரவேண்டும். தெருவில் செல்போனோடு நிற்பவனால் ஆகிற காரியமில்லை. ஆகவே காவல் காக்கவேண்டியது அலைவரிசையை அல்ல, சீலையும் பூட்டையும்.

அதற்கு உங்கள் பூத் ஏஜென்ட், அதாவது வேட்பாளர் சார்பில் வாக்குச்சாவடியில் உட்காருபவர், கையில் இருக்கும் ஆயுதம் 17சி படிவம்தான். ஓட்டைப் பதிந்து வைக்கும் கன்ட்ரோல் யூனிட், பொத்தான் அழுத்தும் பேலட் யூனிட், போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட் மூன்றின் எண்கள், சீல் எண்கள், பதிவான மொத்த ஓட்டு எல்லாம் அதில் இருக்கும். ஓட்டுப்பதிவு முடிந்ததும் அங்கிருக்கும் ஏஜென்டுகளுக்கு நகல் தரவேண்டும் என்பது விதி. நம் ஆட்களோ ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள்! இன்னொன்று, நாடாளுமன்றத் தேர்தலில் ஏற்காடு தொகுதி சேலத்தோடு இல்லை, கள்ளக்குறிச்சியோடு. மலையில் வாங்கிய நகல் அங்கே எண்ணும் மேசைக்குப் போய்ச் சேராவிட்டால் அது வெறும் தாள். எண்ணும் நாளில் ரிசல்ட் பொத்தானை அழுத்தும் முன்பே எண்ணையும் சீலையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்.

காலையிலும் கவனம் வேண்டும். பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்னால் மாதிரி ஓட்டு, குறைந்தது 50. பிறகு கன்ட்ரோல் யூனிட்டில் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் பொத்தான்களை வரிசையாக அழுத்தி, மாதிரி ஓட்டை அழிக்கவேண்டும். விவிபேட்டில் விழுந்த மாதிரிச் சீட்டுகளையும் எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்கவேண்டும். க்ளியர் அழுத்த மறந்தால் அந்த 50ம் மொத்தத்தில் ஏறி, 17சியோடு இடிக்கும். "மோசடி" என்று கிளம்பும் சண்டைகளில் சில இந்த மறதியால் வருபவைதான். விவிபேட்டை ஜன்னலுக்கு எதிரேயோ பல்புக்கு நேர்கீழேயோ வைக்க விடாதே. வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் சென்சார் குழம்பும். 2018 கைரானா இடைத்தேர்தலில் பல கருவிகள் அப்படித்தான் படுத்தன. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் கருவி என்றால், பயணத்தில் காகிதச் சுருளின் பூட்டு போட்டிருந்ததா என்பதும் முக்கியம்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் நிரலே ஒரு சின்னத்து ஓட்டை இன்னொன்றில் சேர்த்தால் மொத்தம் மாறாது, 17சி அதைப் பிடிக்காது. பிடிப்பது விவிபேட் சீட்டு மட்டும்தான். 2019 முதல் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத் சீட்டுகளைக் குலுக்கலில் எடுத்து எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார். 300 பூத்தில் 30ல் தில்லுமுல்லு நடந்திருந்தால், அந்த 5ல் ஒன்றாவது சிக்குவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 41 போல. வெறும் 3ல் என்றால் நூற்றுக்கு 5. ஓட்டு வித்தியாசம் குறைவாக இருக்கும் தொகுதியில் கூடுதலாக எண்ணவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எல்லா பூத் சீட்டுகளையும் எண்ணச் சொன்ன மனுவை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை. தோற்றவர்களில் முதல் இருவர், முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டு, செலவையும் ஏற்றால், 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கலாம் என்றது.

பையன்களுக்கு வகுப்பு எடுக்கும் நாளை எழுது. ஒரு வெற்று 17சி படிவம் கொண்டு வருகிறேன், நிரப்பிப் பழகட்டும்.

அன்புடன்,
ராமு