எரிவாயு மலிந்தால் யாருக்கு நட்டம்?

ஆசிரியருக்கு,

எரிவாயு விலை இறங்கினால் எல்லோருக்கும் நல்லதுதான் என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாயு எடுக்கும் நிறுவனங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பால்பண்ணைக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே நிலத்தடி வாயு பெரும்பாலும் தனியார் சொத்து. நிலத்துக்காரருக்குக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு ராயல்டி (உரிமைத் தொகை) தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்துவிட்டது. சரி, எதில் எட்டில் ஒன்று? 2008 கோடையில் பத்து லட்சம் பிடியுவுக்கு (வாயுவை விற்கும் வெப்ப அலகு) 13 டாலர் வரை ஏறிய மொத்த விற்பனை விலை, 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே விழுந்தது. கிணறு தோண்டும் ரிக்குகள் எண்ணெய் கிடைக்கும் பக்கம் போய்விட்டன. வாயுவை அழுத்திக் குழாயில் அனுப்பும் செலவோ விலையோடு சேர்ந்து இறங்குவதில்லை. அதைக் கழித்துவிட்டு ராயல்டி கணக்கிடலாம் என்று 2010-ல் மாநில உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. செலவு 1 டாலர் என்று வையுங்கள்: 4 டாலர் விலையில் அது கால்வாசி, 2 டாலரில் சரிபாதி!

வேறு நிறுவனத்திடம் போகலாமே என்றால் அதுவும் நடக்காது. ஒரு கிணற்றில் லாபம் தருமளவு வாயு வந்துகொண்டிருக்கும் வரை குத்தகை தானாக நீளும் என்பதே வழக்கமான ஒப்பந்தம். முன்பணத்தைப் பார்த்து அவசரமாகக் கையெழுத்திட்டவர்கள், அந்த வரியைப் பிறகுதான் கண்ணாடி போட்டுப் படித்திருப்பார்கள்.

— ஒரு வாசகர்