உம் கொட்டிய ஆயாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், நகருக்குள் என்று எங்கெங்கோ இருந்து ஓடி வந்த எல்லோருக்கும் வணக்கம்.

அந்த ராத்திரி நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு மனசு வரவில்லை. காங்கோ, புருண்டி என்று அகதிகளாக வந்த நம் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள், அவர்களுடைய அம்மாக்களும்தான். நம்முடைய சனிக்கிழமை ஓவியமும் கதையும் மறுபடி ஆரம்பித்துவிட்டது, ஹாலில் இல்லை, ஒரு வீட்டு கராஜில். நேற்று ராத்திரிதான் ஒழுங்காகத் தூங்கினேன், எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

நேரம் காலம் பார்க்காமல் வண்டி எடுத்து வந்த டாக்ஸி அண்ணன், தங்கள் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு கராஜைக் காலி செய்து கொடுத்த குடும்பம், கோயில் சமையலறையிலிருந்து வெஜிடபிள் பிரியாணியும் பருப்பும் அனுப்பிக்கொண்டே இருந்த அக்காமார், காசு வாங்காமல் காகிதங்களைப் பார்த்துக் கொடுத்த வக்கீலம்மா, ஜூலுக் கதை சொல்லி பிள்ளைகளை ஒவ்வொரு வரிக்கும் கத்திப் பதில் சொல்ல வைத்த டீச்சர், அப்புறம் நம் தெருக்கூத்துக் குழு (இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்றால்தான் நிறையப் பேருக்குத் தெரியும்), தாங்களே பொத்திப் பொத்தி வைத்திருக்கும் கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் காங்கோப் பையன்களின் தலையிலும் தோளிலும் கட்டிவிட்டு அடவு சொல்லிக் கொடுத்தார்களே, எல்லோருக்கும் நன்றி. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு மடல் எழுதலாம். ஆனால் இன்றைக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியது பக்கத்து வீட்டு ஆயாவைப் பற்றி.

உதவி செய்ய வேண்டும் என்று அவர் வரவில்லை. என்ன சத்தம் என்று பார்க்க வந்தார், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் ஒரு பேசின், அது நிறைய கட்ரா பீன்ஸ், உரிக்காதது. புருண்டியிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் நம்மிடம் வருகிறாள், அந்த ராத்திரிக்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை. பெயின்டைக் கொடுத்தால் தாள் முழுக்கக் கறுப்பு பூசி வைத்துவிடுவாள். அன்றைக்கு அவள் தாளை விட்டுவிட்டு ஆயாவின் காலடியில் போய் உட்கார்ந்து, ஒரு காயை எடுத்துப் பிளந்தாள். ஆயா தடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை, பேசினை மட்டும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.

அவள் பீன்ஸை சிமென்ட் தரையில் அடுக்க ஆரம்பித்தாள். சிவப்புப் புள்ளி அதிகம் உள்ளவை ஒரு வரிசை, வெளுத்தவை தள்ளி ஒரு வரிசை, நடுவில் ஒரே ஒரு பச்சைத் தோல். திடீரென்று தன் ஊர் மொழியான கிருண்டியில் பேச ஆரம்பித்துவிட்டாள். எங்களில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. ஆயா உரித்துக்கொண்டே "உம்" என்றார். பெண் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி சொன்னாள். "உம்." அவள் குரல் ஏறும்போது ஆயாவின் உம்மும் நீண்டது. ஓர் இடத்தில் அவள் நடுவில் இருந்த அந்தத் தோலை எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டு பேசாமல் இருந்தபோது, ஆயா மெதுவாக "அப்புறம்?" என்றார். பேசின் காலியாகும் வரை கதை போனது. முடித்ததும் அவளே எல்லாவற்றையும் அள்ளி பேசினில் போட்டுவிட்டுக் கை கழுவ ஓடினாள்.

என்ன புரிந்தது ஆயா என்று பின்னால் கேட்டேன். "எனக்கு என்னம்மா தெரியும், ஏதோ பெரிய கதை. பிள்ளை கதை சொன்னா உம் கொட்டணும் இல்லையா?" என்றார்.

எனக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. இந்த நாட்டில் அகதிகளை முகாமில் வைப்பதில்லை, 1998ஆம் வருஷத்து அகதிகள் சட்டம் வந்ததிலிருந்து அவர்கள் ஊருக்குள் நம்மோடுதான் வாழ்கிறார்கள். ஆனால் அகதி என்று எழுதிய காகிதம் கைக்கு வர, பட்ட கஷ்டத்தையெல்லாம் அதிகாரி முன்னால் சொல்லி நிரூபிக்க வேண்டும். தேதி ஒன்று மாறினாலும் சந்தேகம். இப்படி நிரூபிப்பதற்காகவே கதை சொல்லிப் பழகிய வீட்டில் வளரும் குழந்தைக்கு, நிஜமா என்று கேட்காத ஒரு காது கிடைத்திருக்கிறது. ஜோஹானஸ்பர்க்கின் ஹில்பிரோவில் அகதிக் குழந்தைகளுக்குப் பழைய சூட்கேஸ்களைக் கொடுத்து அவற்றின் மேல் வரையச் சொன்னார்களே, அதில் எனக்குப் பிடித்ததும் இதுதான்: எதை வெளியே ஒட்டுவது, எதை உள்ளே வைத்து மூடுவது என்பது குழந்தையின் முடிவு. நம் வகுப்பில் பிள்ளைகள் வரையும் அட்டைப்பெட்டிகளுக்கும் அதே விதிதான். மூடியதை யாரும் திறக்கக் கூடாது.

ஆயா பிறந்தது மேகசின் பேரக்ஸில். நகரசபைத் தொழிலாளிகளாக அங்கே குடியிருந்த நம் ஜனங்களை 60களில் அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிய கதை இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அதே சாட்ஸ்வர்த்தில்தான் 2015 கலவரத்தில் விரட்டப்பட்ட வெளிநாட்டுக் குடும்பங்களுக்குக் கூடாரம் போட்டார்கள். 1860 நவம்பரில் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும் கூத்தையும் பாட்டையும் விடாமல் வைத்துக்கொண்டதால்தானே தலை நிமிர்ந்து நின்றார்கள். அந்தக் கிரீடம் ஒரு காங்கோப் பையன் தலையில் ஏறியதைப் பார்த்து சிலர் முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டேன். அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது, இதை நான் யாரிடமும் சொல்வேன்.

ஹால் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சனிக்கிழமை வகுப்பை இனி நிறுத்த மாட்டோம். உதவி கேட்டு அச்சடிக்கும் எந்தத் தாளிலும் ஒரு குழந்தையின் கதையையோ முகத்தையோ போட மாட்டோம். இது சத்தியம்.

இன்னும் சில வயதானவர்கள் வந்து உட்கார்ந்தால் நல்லது. ஸ்வாஹிலியோ பிரெஞ்சோ தெரிய வேண்டாம், உரிக்கவோ ஆயவோ கையில் ஏதாவது கொண்டு வாருங்கள். ஆயாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, அடுத்த வாரம் அவரை டாக்டரிடம் கூட்டிப்போகக் கார் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்.