இருண்ட எதிர்காலத்தை எடை அட்டையில் தேடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பொருளாதாரம் விழுந்தால் கலவரமும் கொள்ளையும்தான் என்று ஆரூடம் சொல்வோர் இன்னும் குறையவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அரசு அறிவித்தபோதும் இதே பேச்சுத்தான். பெற்றோல் வரிசை, கியூஆர் குறியீட்டைக் காட்டி வாராந்தப் பங்கை வாங்கும் முறையோடு ஒழுங்குக்கு வந்தது. சமையலறை வரவில்லை.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 170 ரூபாய். மாறாத சம்பளத்துக்கு முன்பு வாங்கியதில் 59 வீதம்தான் கிடைக்கும். பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும் "விலை குறைந்தது" என்றார்கள். குறைந்தது ஏறும் வேகம். விலை பெரும்பாலும் மேலேயே நின்றது.

வீட்டில் முதலில் வெட்டுப்படுவது முட்டை, நெத்தலி, பால்மா. சோறு கடைசிவரை இருக்கும். ஆகவே பிள்ளையின் வயிறு நிரம்பும், புரதமும் இரும்புச்சத்தும் போய்விடும். பிள்ளையின் வளர்ச்சியைக் குறிக்கும் கிளினிக் அட்டையில் எடைக்கோடு சில வாரங்களிலேயே படுத்துவிடும்; உயரம் பல மாதம் பிந்தித்தான் காட்டும். எடையை மீட்கலாம். முதல் 2 வயதுக்குள் தவறிய உயரத்தை மீட்பது மிகக் கடினம்.

2022இல் பிறந்தவர்களில் பெரும்பாலோர் 2028இல் முதலாம் தரத்துக்கு வருகிறார்கள். பிற நாட்டு அரசுகளிடம் வாங்கிய இருதரப்புக் கடன்களின் முதலைத் திருப்பிச் செலுத்தத் தொடங்குவதும் அதே ஆண்டுதான். (திறைசேரியின் கண் எதில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.) அனுமதியின்போதே உயரத்தையும் எடையையும் அளந்து, வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் அதிகமுள்ள பாடசாலைகளுக்குப் பாடசாலை உணவில் முட்டையை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13