ரீட்-ஒன்லி என்று கொடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூட் ஆகாமல் நின்றுபோன விர்ச்சுவல் மெஷினின் (ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்பது பற்றி உங்கள் தொழில்நுட்ப இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத ஒருவர் உட்கார்ந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதில் ஒரு பத்தியைப் படித்ததும் திக்கென்றது. டிஸ்க் இமேஜை (மெஷினின் டிஸ்க் முழுதும் அடங்கிய ஃபைல்) ஹோஸ்டில், அதாவது அந்த மெஷினைத் தாங்கி ஓடும் கம்ப்யூட்டரில், லூப் டிவைஸாக (ஃபைலையே டிஸ்க் போலக் காட்டும் வழி) இணைத்து ரீட்-ஒன்லியாக, படிக்க மட்டும், மவுண்ட் செய்தால் (ஃபைல்களைத் திறந்து பார்க்கும்படி இணைத்தால்) ஆபத்தே கிடையாது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்கிறது கட்டுரை. அதே நம்பிக்கையில் ஒரு மெயில் சர்வரைச் சிதைத்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

14 வருடங்களாக சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அது நடந்தபோது வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். அங்கே விர்ச்சுவல் மெஷின்களின் டிஸ்க்குகள் எல்லாம் ஹோஸ்டில் எல்விஎம் வால்யூம்களாக (ஹோஸ்டின் டிஸ்க்கில் பிரித்து ஒதுக்கிய பகுதிகள்) இருந்தன. மெயில் சர்வரின் லாக் (நடந்தவற்றைப் பதிவு செய்யும் ஃபைல்) ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த சர்வரின் பாஸ்வேர்டை வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். என்னிடம் ஹோஸ்டின் ரூட், அதாவது முழு அதிகாரம், இருந்தது. கேபார்ட்எக்ஸ் என்ற கருவியைக் கொண்டு அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) ஹோஸ்டில் தனித்தனியாகத் தெரியச் செய்தேன். மறக்காமல் ரீட்-ஒன்லி என்று கொடுத்து மவுண்ட் செய்தேன். லாகை எடுத்துக்கொண்டு அன்மவுண்ட் செய்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் மெயில் சர்வர் தன் ஃபைல்சிஸ்டத்தில் (டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்காக வைக்கும் அமைப்பு) பிழை கண்டு, எதையும் எழுத மறுத்து நின்றுவிட்டது. அதைச் சரிபார்த்துச் சீராக்கும் எஃப்எஸ்சிகே ஓட்டினோம். முடிந்தபோது லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்ட் ஃபோல்டருக்குள் பெயரே இல்லாமல் வெறும் எண்களோடு ஃபைல்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, யாருக்கு வந்த மெயில் என்று தலைப்பு வரிகளைப் பார்த்து, உரியவர் பெட்டியில் போட்டோம். இரண்டு ராத்திரி. சிலவற்றில் தலைப்பு வரிகளே இல்லை. அவை யாருடையவை என்று இன்றுவரை தெரியாது.

ரீட்-ஒன்லியாகத்தானே மவுண்ட் செய்தேன், எப்படி எழுதப்பட்டது? லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்ற ஃபைல்சிஸ்டம்கள் ஒரு ஜர்னல் வைத்திருக்கின்றன. மாற்றங்களை முதலில் அங்கே குறித்துவிட்டு, அப்புறம்தான் உரிய இடத்தில் எழுதும். ஓடுகிற மெஷினின் ஜர்னலில் எப்போதும் ஏதாவது பாக்கி இருக்கும். ஹோஸ்டின் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அந்த டிஸ்க்கைத் திறந்ததும், இந்த மெஷின் பாதியில் செத்துப்போயிருக்கிறது என்று நினைத்து, பாக்கியைத் தானே எழுதி முடிக்கிறது. ரீட்-ஒன்லி மவுண்ட் என்றாலும் அப்படித்தான். நாம் ஃபைல்களில் கை வைப்பதை மட்டுமே அந்த விருப்பம் தடுக்கும், கெர்னல் ஜர்னலை ஓட்டுவதைத் தடுக்காது. ஜர்னலை ஓட்டாதே என்று சொல்லும் நோலோட் என்ற விருப்பத்தையும் சேர்த்திருக்க வேண்டும், அல்லது ஹோஸ்டில் தெரிந்த அந்த பிளாக் டிவைஸையே (டிஸ்க்கையே) எழுத முடியாததாக்கி இருக்க வேண்டும். இதெல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெயில் சர்வருக்குத் தெரியாது. தன் நினைவகத்தில் இருந்த பழைய கணக்கை வைத்து அது மேலே மேலே எழுதிக்கொண்டே போனது.

இந்த வேலைக்கென்றே ஒரு லைப்ரரி (மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) இருக்கிறது. கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லாததுதான் என் ஆதங்கம். லிப்கெஸ்ட்எஃப்எஸ் என்று பெயர். ரெட் ஹாட்டில் பணிபுரியும் ரிச்சர்ட் டபிள்யூ. எம். ஜோன்ஸ் 2009-ல் தொடங்கியது, ஓப்பன் சோர்ஸ். சி-யில் அழைக்கலாம், பைத்தான், பெர்ல், ரூபி, ஜாவா, கோ என்று பல மொழிகளிலிருந்தும் அழைக்கலாம். நிரல் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு கட்டளைகளைத் தட்டி வேலை வாங்க கெஸ்ட்ஃபிஷ் என்ற ஷெல் இருக்கிறது. ஒரே ஒரு ஃபைலைப் பார்த்தால் போதும் என்றால் விர்ட்-கேட். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது விர்ட்-கேட் மட்டும்தான், ஒரே வரி.

இது ஹோஸ்டின் கெர்னலைக் கொண்டு டிஸ்க்கைத் திறப்பதில்லை. பொதுவாக விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் க்யூஇமு என்ற மென்பொருள் மூலம் ஒரு குட்டி லினக்ஸ் மெஷினைக் கிளப்பி, நம் டிஸ்க்கை அதனிடம் கொடுக்கிறது. அதற்குள் ஓடும் ஒரு சின்ன டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) நம் நிரலிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பையும் வாங்கி, அங்கேயே மவுண்ட் செய்து, அங்கேயே படித்து, விடையைத் திருப்பி அனுப்புகிறது. ரீட்-ஒன்லி என்று டிஸ்க்கைச் சேர்த்தால், அதன் மேல் தற்காலிகமாக ஒரு அடுக்கைப் போட்டுவிடும். குட்டி மெஷினின் கெர்னல் ஜர்னலை ஓட்டினாலும் அந்த எழுத்தெல்லாம் மேலடுக்கிலேயே விழும், வேலை முடிந்ததும் அடுக்கு போய்விடும். மூல டிஸ்க்கில் ஒரு பைட்கூட மாறாது. மெஷின் ஓடும்போது இப்படிப் படித்தால், மாற்றங்களுக்கு நடுவே எடுத்த படம் மாதிரி சில ஃபைல்கள் அரைகுறையாகத் தெரியலாம். ஆனால் எதுவும் கெடாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கில் இருப்பதை யார் எழுதினார்கள் என்று நமக்கு எப்போதும் தெரியாது. வேண்டுமென்றே கோணலாக்கிய ஒரு ஃபைல்சிஸ்டத்தை ஹோஸ்டின் கெர்னலே படித்தால், கெர்னலின் ஃபைல்சிஸ்டம் நிரலில் இருக்கும் ஒரு பிழை போதும், ஹோஸ்டே கவிழ்ந்துவிடலாம். அதில் இருக்கும் மற்ற மெஷின்களும் கூடவே போகும். குட்டி மெஷினுக்குள் வைத்துத் திறந்தால், கவிழ்ந்தாலும் அதுதான் கவிழும். சாதாரண இமேஜ் ஃபைலுக்கு ரூட் அனுமதியும் தேவையில்லை, அந்த ஃபைலைப் படிக்க உரிமை இருந்தால் போதும்.

போன மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு சர்வரில் எஃப்எஸ்டேப் ஃபைலை (எந்தெந்த ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியல்) திருத்திவிட்டு ரீபூட் செய்தார். மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொண்டது. பயந்துபோய் வந்து நின்றார். மெஷினை முழுக்க நிறுத்தச் சொல்லிவிட்டு, இருவரும் பைத்தானில் உட்கார்ந்தோம். லிப்கெஸ்ட்எஃப்எஸ்ஸோடு பேச ஹேண்டில் ஒன்றை உருவாக்கி, டிஸ்க்கை ரீட்-ஒன்லியாகச் சேர்த்து, லாஞ்ச் என்றோம். குட்டி மெஷின் எழுந்திருக்கச் சில விநாடிகள் ஆகும், பலர் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். பிறகு இன்ஸ்பெக்ட்-ஓஎஸ் என்ற அழைப்பு. எந்தப் பார்ட்டிஷனில் என்ன ஓஎஸ் இருக்கிறது என்று அதுவே தேடிச் சொன்னது. ரூட்டை மவுண்ட் செய்து எஃப்எஸ்டேப்பைப் படித்தோம். டிஸ்க்கில் இருக்கும் ஒவ்வொரு ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடியையும் (தனி அடையாளக் குறியீடு) விஎஃப்எஸ்-யூயூஐடி என்ற அழைப்பால் வாங்கி, பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தோம். 8 இருக்க வேண்டிய ஓரிடத்தில் 3. அவ்வளவுதான்.

ஹேண்டிலை மூடிவிட்டு, இந்த முறை எழுதும் உரிமையோடு திறந்து, அந்த ஒரு எழுத்தைத் திருத்தி எழுதினோம். முடிவில் ஷட்டவுன் அழைப்பைக் கூப்பிட்டு, பிழை எதுவும் வரவில்லை என்று பார்த்தோம். இதை விட்டுவிடாதீர்கள் என்று அந்தத் தம்பியிடம் இரண்டு தடவை சொன்னேன். எழுதியது எல்லாம் உண்மையிலேயே டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அங்கேதான் தெரியும். மெஷின் எழுந்தது. அவருக்கு முகம் வெளுத்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது.

லைப்ரரி இருக்கிறது என்பதற்காக எல்லாம் பத்திரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் டிஸ்க்கை எழுதும் உரிமையோடு திறந்தால், இந்த லைப்ரரியாலும் காப்பாற்ற முடியாது. டிஸ்க் கெட்டுப்போகும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அப்புறம், டிஸ்க்கைச் சேர்க்கும்போது அது ரா வடிவமா (டிஸ்க்கில் இருப்பது உள்ளபடியே), க்யூகவ்2 வடிவமா (க்யூஇமுவின் வடிவம், வேறொரு ஃபைலைத் தன் மூலமாகக் காட்டலாம்) என்று தெரிந்தால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் சில பைட்களைப் பார்த்து வடிவம் ஊகிக்கப்படும். ரா டிஸ்க் வைத்திருக்கும் மெஷினுக்குள் இருப்பவர், அந்த முதல் பைட்களில் போலியாக ஒரு க்யூகவ்2 தலைப்பை எழுதி, ஹோஸ்டின் ஏதோ ஒரு ஃபைலைத் தன் மூல இமேஜ் என்று காட்டிவிடலாம். அதன் வழியே ஹோஸ்டின் ஃபைலைப் படிக்க முடிகிற ஓட்டை 2010-ல் இந்த லைப்ரரியிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. வடிவத்தைச் சொல்லும் வசதி அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்க்கும் ஸ்கிரிப்ட்களில் பாதிக்கு மேல் அந்த விவரம் காலியாகவே இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் இணைப்பைக் கத்தரித்து மேஜையில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் யாராவது அந்தப் பத்தியை அப்படியே ஓடும் மெஷினில் செய்து பார்க்கும் முன், அடுத்த இணைப்பில், அதே பக்கத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும்: ஓடும் மெஷினின் டிஸ்க்கை ஹோஸ்டில் நேரடியாக மவுண்ட் செய்ய வேண்டாம், லிப்கெஸ்ட்எஃப்எஸ் கொண்டு ரீட்-ஒன்லியாகப் பாருங்கள். திருத்தி எழுத வேண்டியிருந்தால் முதலில் மெஷினை நிறுத்துங்கள்.

எஃப்எஸ்டேப் திருத்திய பைத்தான் நிரல் இருபது வரிக்கும் குறைவுதான். ஒவ்வொரு வரிக்கும் தமிழில் விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இடம் ஒதுக்கினால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு வாசகி