கடலில் காற்றாலை நட்டால் ஓங்கல் (டால்பின்) என்னாகும்?

குரோமார்ட்டி, ஸ்காட்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே இப்போது கோடை. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை, ஆனாலும் குளிருகிறது.

"கடல்ல காத்தாடி நட்டா ஓங்கல் என்னாகும், மீனு ஓடிருமா?" என்று ஃபோனில் கேட்டீர்கள். 2024-இல் மன்னார் வளைகுடாவில் காற்றாலைக்கு டெண்டர் விட்டதிலிருந்தே உங்களுக்கு அந்தக் கவலைதான். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் நிக் துறைமுகத்திலிருந்துதான் காற்றாலைச் சாமான்கள் மோரே ஃபர்த் கடலுக்குப் போகின்றன. இந்தக் கிழக்குக் கரையில் ஓங்கல் மொத்தமே இருநூற்றுச் சொச்சம்தான். அபர்டீன் பல்கலைக்கழகத்தார் இங்குள்ள பழைய கலங்கரை விளக்கத்தில் இருந்துகொண்டு, முதுகுத் துடுப்பில் இருக்கும் வெட்டையும் தழும்பையும் படம் பிடித்து, முப்பது வருடத்துக்கும் மேலாக ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் வைத்திருக்கிறார்கள். எது எதன் குட்டி என்பதுவரை தெரியும்.

சானன்ரி முனை என்று ஓர் இடம். நீர் ஏறும் நேரத்தில் ஓங்கல் சால்மன் மீனைத் துரத்திக்கொண்டு கரைக்குப் பக்கத்திலேயே வரும். போன வாரம் நின்று பார்த்தேன். ஒன்று சால்மனை வாயில் கவ்வி மேலே எறிந்து, தலைப்பக்கமாகப் பிடித்து விழுங்கியது. அதன் விலாவை ஒட்டியே குட்டி வந்தது. மூச்சு விடும் சத்தம் கரைக்குக் கேட்டது. நம்ம வேம்பார் கடலில் வள்ளத்துக்குக் கூடவே வருமே, அதே சத்தம்.

சுழலும் இறக்கையைவிட, தூண் அடிக்கிற வேலைதான் ஓங்கலுக்குப் பெரிய ஆபத்து. கனத்த இரும்புக் குழாயை ராட்சத சுத்தியலால் தரைக்குள் இறக்குவார்கள். 2006-இல் இங்கே முதல் இரண்டு காற்றாலைக்கு அடித்தபோது, 70 கி.மீ. தள்ளியும் தண்ணீருக்கடியில் சத்தம் கேட்டதாக அளந்திருக்கிறார்கள். ஓங்கல் சத்தத்தை வைத்துத்தான் இரை தேடுகிறது, குட்டியைக் கூப்பிடுகிறது. பக்கத்தில் மாட்டிக்கொண்டால் காதே போய்விடும்.

அதனால் இங்குள்ள விதிப்படி, அடிப்பதற்கு முன் கவனிப்பாளர் ஒருவர் கப்பலில் நின்று 30 நிமிடம் பார்க்க வேண்டும். 500 மீட்டருக்குள் ஓங்கலோ சீல் என்ற கடல்நாயோ தெரிந்தால் தொடங்கக் கூடாது. இருட்டிலும் மூடுபனியிலும் கண் உதவாது என்பதால் தண்ணீருக்குள் மைக் இறக்கிக் கேட்கிறார்கள். பிறகு குறைந்தது 20 நிமிடம் மெல்லத் தட்டி, விலகிப் போக நேரம் கொடுத்துத்தான் வேகம் கூட்ட வேண்டும். ஆனால் முழு வேகம் எடுத்தபின் ஓங்கல் உள்ளே வந்தாலும் சுத்தியலை நிறுத்தியாக வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

ஜெர்மனியில் இன்னும் கண்டிப்பு. 750 மீட்டரில் சத்தம் 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. தூணைச் சுற்றித் தரையில் ஓட்டை போட்ட குழாயைப் போட்டு, கப்பலிலிருந்து கம்ப்ரெஸ்ஸரில் காற்றடிக்கிறார்கள். குமிழி சுவர் மாதிரி எழும்பிச் சத்தத்தைத் தடுக்கிறது. பணம் கூடுதல்தான், ஆனால் வேலை செய்கிறது.

2017-இல் இங்கே பியாட்ரிஸ் என்ற இடத்தில் 84 காற்றாலைக்கு அடித்தபோது, ஓங்கலைவிடச் சின்னதான போர்பாய்ஸைக் கணக்கெடுத்தார்கள். முதலில் தூண் அடித்த இடத்தில் 7.4 கி.மீ. தள்ளி இருந்தவைகூட விலகிப்போக பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்ததாம். கடைசி இடத்தில் அந்தத் தூரம் 1.3 கி.மீ. ஆகிவிட்டது. பழகிவிட்டது என்கிறார்கள். எனக்கோ, இரை கிடைக்கிற வேறு இடம் இல்லாமல் திரும்பி வந்திருக்குமோ என்றும் தோன்றுகிறது.

நட்டு முடித்தபின் நிலைமை வேறு. தூண்காலில் சிப்பி ஒட்டுகிறது, மீன் சேர்கிறது. வட கடலில் சில சீல்கள் ஒவ்வொரு தூணாகப் போய் இரை தேடுவதை டிராக்கரில் பார்த்திருக்கிறார்கள். நாம் கடலடிப் பார் (பாறை) மேல் தூண்டில் போடுவதும் அதற்குத்தானே. ஆனால் அந்த மீனை நாம் பிடிக்க விடுவார்களா என்பது தனிக் கேள்வி. அதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கரி எரித்துத் தூத்துக்குடியில் விழும் சாம்பலை நாம் பார்க்காததா? ஆனால் நம் வளைகுடாவில் ஓங்கலோடு ஆவுளியாவும் (கடல் பசு) இருக்கிறது. இங்கே முன்கூட்டியே கணக்கு இருந்ததால்தான் என்ன மாறியது என்று சொல்ல முடிந்தது. கணக்கே இல்லாமல் அடித்துவிட்டு, எதுவும் போகவில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஊர்க் கமிட்டிக்கு அதிகாரிகள் வந்தால் மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை வருடம் எண்ணினீர்கள்? ஓங்கலும் ஆவுளியாவும் குட்டி போடும் மாதங்களில் அடிக்காமல் இருப்பீர்களா? சுத்தியலை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, அதில் நம்ம ஆள் ஒருத்தர் இருப்பாரா? வாயால் சொன்னால் போதாது, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவன் நன்றாகப் பேசுவான்.

அன்பு மகன்,
ஜோசப்